ஒரு கிலோ மணிச்சத்துக்கு ஐந்து கிலோ சர்க்கரை

எந்த நுண்ணுயிரும் பாஸ்பரஸை, அதாவது மணிச்சத்தை, உண்டாக்காது. பயறுவகைச் செடிகளின் வேரில் வாழும் ரைசோபியம் பாக்டீரியாவுக்குக் காற்று முழுக்கத் தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்கிறது. இழுத்து வேரில் கட்டிப்போடுகிறது. மணிச்சத்துக்கு அப்படி ஒரு காற்றுக் களஞ்சியம் இல்லை. பாஸ்போபாக்டீரியா செய்வதெல்லாம் பாறையிலோ மண்ணிலோ ஏற்கெனவே பூட்டிக் கிடக்கும் பாஸ்பேட்டை அமிலம் சுரந்து கரைப்பதுதான். ஆகவே நுண்ணுயிரை வைத்துத் தூய்மையாகப் பாஸ்பேட் உரம் செய்கிறோம் என்று யார் சொன்னாலும் மூன்றைக் கேட்க வேண்டும்: எவ்வளவு அமிலம் தேவை, அதைச் சுரக்க நுண்ணுயிருக்கு என்ன தீனி, அந்தத் தீனி எங்கிருந்து வருகிறது.

பெங்களூரில் இந்த விஷயத்தில் ஆர்வம் உள்ளவர்கள் பல வகை. மாடித்தோட்டக்காரர்கள், ஆனேக்கல், மாலூர், ஓசூர் பக்கம் ஒன்றிரண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு வாரக்கடைசியில் போய்வருகிறவர்கள், அடுக்ககக் கழிவை எருவாக்கும் குழுக்கள். மூவருக்கும் பயன்படும் வழிகள் வேறுவேறு. ஆனால் அடிக்கணக்கு ஒன்றே. அதிலிருந்து தொடங்குவோம்.

ஆலையில் நடப்பது

பாஸ்பேட் உரத்துக்கு மூலமான ராக் பாஸ்பேட் பாறையின் சாரம் ஃபுளூரபடைட் என்ற கனிமம். கால்சியமும் பாஸ்பேட்டும் ஃபுளூரினும் சேர்ந்து இறுகியது, தண்ணீரில் கரையாது. எண்ணூர், தூத்துக்குடி, பாரதீப் போன்ற துறைமுக ஊர்களில் உள்ள பாஸ்பாரிக் அமில ஆலைகளில் இதை அரைத்துக் கந்தக அமிலத்தில் போடுகிறார்கள். பாஸ்பாரிக் அமிலம் தனியாகப் பிரிகிறது. கால்சியம் முழுவதும் ஜிப்சமாக நிற்கிறது. ஒரு டன் மணிச்சத்துக்குச் சுமார் 5 டன் ஜிப்சம். இந்த பாஸ்போஜிப்சம் வெறும் ஜிப்சம் இல்லை. பாறையில் இருந்த ரேடியத்தின் பெரும்பங்கு இதில் தங்குகிறது; யுரேனியத்தின் பெரும்பங்கு அமிலத்தோடு போகிறது. கூடவே ஃபுளூரைடும் கொஞ்சம் காட்மியமும். இது மலைமலையாகக் குவிவதும், ஃபுளூரின் வாயுவைக் கழுவி எடுக்க வேண்டியிருப்பதும்தான் பாஸ்பேட் உரத்தின் அழுக்குப் பக்கம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆலைக்கு 30% அளவில் மணிச்சத்து உள்ள பாறை வேண்டும். நம் நாட்டில் உதய்ப்பூர் அருகே ஜாமர்கோட்ராவில் நல்ல ரகம் உண்டு. ஆனால் அங்கேயே டோலமைட் கலந்த தாழ்ந்த ரகமும் நிறைய. ஜாபுவா, லலித்பூர், முசூரி பாறைகளும் உண்டு. முசூரிப் பாறையில் 18 முதல் 20% வரைதான். அதனால் பாறையையும் அமிலத்தையும் டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரத்தையும் மொராக்கோ, ஜோர்டான் என்று வெளியே வாங்குகிறோம். நுண்ணுயிருக்கு உண்மையான வேலை இருப்பது இங்கேதான்: ஆலை வேண்டாம் என்று ஒதுக்கும் தாழ்ந்த ரகப் பாறையில்.

சர்க்கரைக் கணக்கு

பாஸ்பேட்டைக் கரைக்கும் பாக்டீரியாக்களில் திறமையானவை குளுக்கோஸை உள்ளே விழுங்காமல், செல்லின் வெளிச்சுவருக்கு அருகிலேயே நேரடியாக ஆக்சிஜனேற்றம் செய்கின்றன. குளுக்கோஸ் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி அதை குளுக்கோனிக் அமிலமாக்குகிறது. சில இனங்கள் இன்னொரு படி போய் 2-கீட்டோகுளுக்கோனிக் அமிலமாக்கும். பின்னது கூடுதல் வலுவான அமிலம். இரண்டுக்கும் ஒரு மூலக்கூறு குளுக்கோஸுக்கு ஒரே ஒரு புரோட்டான்தான் (பாறையைக் கரைக்கும் ஹைட்ரஜன் அயனி) வரவு.

செலவைப் பாருங்கள். ஃபுளூரபடைட்டில் உள்ள ஒவ்வொரு பாஸ்பேட்டையும் செடி எடுக்கும் வடிவுக்குக் கொண்டுவர 2 புரோட்டான் வேண்டும். அதாவது 31 கிராம் பாஸ்பரஸுக்கு 360 கிராம் குளுக்கோஸ். உரப் பையில் அச்சிடும் மணிச்சத்துக் கணக்கில் (P₂O₅, இந்தக் கட்டுரையின் கிலோக் கணக்கெல்லாம் இதில்தான்) சொன்னால் 1 கிலோவுக்கு 5 கிலோவுக்குச் சற்று மேல். இது ஒரு துளி சர்க்கரைகூட உடல் வளர்க்கச் செலவாகாமல், பாறையில் சுண்ணாம்பே இல்லாமல் இருந்தால் வரும் கணக்கு. நடைமுறையில் இன்னும் கூடும். 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் 23 கிலோ மணிச்சத்து. அதற்கு 117 கிலோ குளுக்கோஸ். மானியம் போக அந்த மூட்டை 1,350 ரூபாய்க்குக் கிடைக்கும்போது சர்க்கரையோ வெல்லமோ வாங்கிப் போட்டு உரம் செய்வது நடக்காத காரியம். கரும்பு வளர்க்கப் போட்ட உரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் தூய்மை என்ற பேச்சும் அடிபட்டுப் போகும்.

அதனால் சர்க்கரை வழிக்குக் கழிவுச் சர்க்கரை கட்டாயம். மாடித்தோட்டத்தில் புளித்த மோரில் எலும்புத்தூளை ஊறவைக்கிறார்களே, அதையும் இதே அளவுகோலால் அளக்கலாம். 0.8% லாக்டிக் அமிலம் உள்ள ஒரு லிட்டர் புளித்த மோர் அதிகபட்சம் 3 கிராம் மணிச்சத்தைத்தான் கரைக்கும். பத்துத் தொட்டிக்கு அது பயன்தான், ஏக்கருக்கு இல்லை. அந்த மோரில் முட்டை ஓட்டையும் சேர்த்துப் போடுவது வழக்கமாகிவிட்டது. முட்டை ஓடு கால்சியம் கார்பனேட். அதில் மணிச்சத்து இல்லை. இருக்கிற அமிலத்தை முதலில் அதுதான் தின்னும். எலும்புத்தூள் போடுவதென்றால் தனியாகப் போடுங்கள். ஆவியில் வெந்த எலும்புத்தூளில் உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி குறைந்தது 22% மொத்த மணிச்சத்து, அதில் 16% சிட்ரிக் அமிலத்தில் கரைவது. பாறையைவிட மிக எளிதாக வழிக்கு வரும்.

பூஞ்சை கொஞ்சம் சிக்கனம்

ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர், ஆஸ்பெர்ஜில்லஸ் அவமோரி போன்ற பூஞ்சைகள் ஆக்ஸாலிக் அமிலம் சுரக்கும். இதற்கு இரண்டு புரோட்டான். அதைவிட முக்கியம், ஆக்ஸலேட் கால்சியத்தைப் பிடித்துக் கரையாத படிகமாகக் கீழே தள்ளிவிடும். கால்சியம் கரைசலிலிருந்து விலக விலகப் பாறை மேலும் கரையும். சிட்ரிக் அமிலம் கால்சியத்தையும் இரும்பையும் கவ்விப் பிடிக்கும், ஆனால் கரைசலிலேயே வைத்திருக்கும்.

எந்த அமிலம் வரும் என்பதைத் தீர்மானிப்பது பி.எச். என்ற புளிப்பளவு; 7 நடுநிலை, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். நடுநிலைக்குக் கொஞ்சம் கீழே 5, 6 என்று இருந்தால் ஆக்ஸாலிக்கும் குளுக்கோனிக்கும். 3-க்குக் கீழே போய், மாங்கனீசும் பற்றாக்குறையாக இருந்தால்தான் சிட்ரிக். பாறைத்தூள் கலந்த படுக்கையில் பி.எச். சட்டென்று இறங்காது, மாங்கனீசும் இருக்கும். ஆகவே அங்கே நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது ஆக்ஸாலிக்.

இதில் ஒரு கண்ணி உண்டு. பாறை கரையக் கரைய ஃபுளூரைடும் வெளியே வரும். அது பூஞ்சையின் கழுத்தையே நெரிக்கும். பாறையைக் கூட்டிப் போட்டால் மணிச்சத்து கூடும் என்று நினைத்து இருமடங்கு போடுகிறவர்களுக்குக் குறைவாகவே கிடைக்கக்கூடும். தப்பிக்க இரண்டு வழி. கரித்தூள் சேர்த்தால் ஃபுளூரைடில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ளும். அல்லது வேலையை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: முதல் தொட்டியில் பாறையே இல்லாமல் நுண்ணுயிரை வளர்த்து அமிலக் கரைசலை எடுத்து, இரண்டாம் தொட்டியில் அதைப் பாறைமேல் விடுவது. குளுக்கோனோபாக்டர் ஆக்சிடன்ஸ் என்ற பாக்டீரியாவை இப்படித்தான் பயன்படுத்துகிறார்கள். பாஸ்போஜிப்சத்திலிருந்து அருமண் தனிமங்களைப் பிரித்தெடுக்கும் ஆய்வுகளிலும் இதே முறைதான்.

கந்தக வழி

என் கணிப்பில், வயலளவுக்குக் கட்டுப்படியாகும் வழி இதுதான். சர்க்கரை தின்னாமல் கந்தகம் தின்னும் பாக்டீரியா ஒன்று இருக்கிறது. மண் நுண்ணுயிர் ஆய்வாளர்கள் செல்மன் வாக்ஸ்மனும் ஜோஃபியும் 1922-ல் விவரித்தது. அன்றைய பெயர் தயோபேசில்லஸ் தயோஆக்சிடன்ஸ், இப்போது அசிடிதயோபேசில்லஸ். கந்தகத்தைக் காற்றோடு சேர்த்து நேரே கந்தக அமிலமாக்கும். அதற்கும் முன்பே லிப்மன் கந்தகத்தையும் ராக் பாஸ்பேட்டையும் எருவோடு கலந்து வைத்துப் பார்த்திருக்கிறார். ஆஸ்திரேலியாவில் ஸ்வாபி 1970-களில் இதை 'பயோசூப்பர்' என்ற பெயரில் செய்தார்.

1 கிலோ கந்தகம் 3 கிலோ கந்தக அமிலம் தரும். நம் ஊரில் 'சூப்பர்' என்று சொல்லும் சிங்கிள் சூப்பர் பாஸ்பேட்டின் நிலைக்குப் பாறையைக் கொண்டுவர, 1 கிலோ மணிச்சத்துக்கு 530 கிராம் கந்தகம் போதும். 5 கிலோ சர்க்கரை எங்கே, அரைக்கிலோ கந்தகம் எங்கே!

இதில் தூய்மை எங்கே இருக்கிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஜிப்சம் உண்டாகாமல் போகவில்லை. 1 கிலோ மணிச்சத்துக்கு 2.8 கிலோ ஜிப்சம் இதிலும் உண்டு. ஆனால் அமிலத்தைத் தனியே பிரிக்காததால் அது மலையாகக் குவியாமல் உரத்தோடு வயலுக்குப் போகிறது. கோலார், சிக்கபள்ளாப்பூர் பக்கத்து நிலக்கடலைக்குக் கால்சியமும் கந்தகமும் எப்படியும் வேண்டியிருக்கிறது. கந்தகத்தை எரித்து அமிலமாக்கும் சூளை வேண்டாம். தாழ்ந்த ரகப் பாறை போதும். இவை உண்மையான லாபம். ஆனால் பாறையில் உள்ள காட்மியமும் ஃபுளூரைடும் எங்கும் போகாது. அவையும் வயலுக்கே போகும். நுண்ணுயிர் அவற்றை வடிகட்டாது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 முதல் 1 கிலோ மணிச்சத்துக்கு 60 மில்லிகிராம் காட்மியம் என்று வரம்பு வைத்திருக்கிறது. வாங்கும் பாறைக்கு ஆய்வகச் சான்று கேட்டு இந்த அளவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

செய்முறை, 50 கிலோ பாறைக்கு

முதலில் பாறையின் சுண்ணாம்பை (கால்சியம் கார்பனேட்) அளக்க வேண்டும். பெரும்பாலானோர் விடும் படி இதுவே. 10 கிராம் பாறைத்தூளை ஒரு தாளில் எடுத்துக்கொள்ளுங்கள். குடுவையில் 50 மில்லி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரண்டையும் சேர்த்து எடை போடுங்கள். காற்றோட்டமான இடத்தில் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாக அமிலத்தில் சேர்த்து, நுரை அடங்கும்வரை அரைமணி நேரம் ஆட்டிவிட்டு, தாளையும் சேர்த்து மறுபடி எடை போடுங்கள். குறைந்த கிராமை 2.27-ஆல் பெருக்கினால் 10 கிராமில் உள்ள கால்சியம் கார்பனேட். தராசு 0.01 கிராம் காட்ட வேண்டும்.

இனிக் கந்தகம். பாறையில் உள்ள மணிச்சத்துக் கிலோவை 0.53-ஆலும், கார்பனேட் கிலோவை 0.32-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். 18% மணிச்சத்தும் 20% கார்பனேட்டும் உள்ள 50 கிலோ பாறைக்கு 4.8-உம் 3.2-உம் சேர்ந்து 8 கிலோ. கந்தகம் முழுவதும் ஆக்சிஜனேற்றம் ஆகாது என்பதால் 10 கிலோ எடுங்கள். ஒரு பங்கு கந்தகத்துக்கு ஐந்து பங்கு பாறை என்ற பழைய விகிதமும் இங்கேதான் வந்து நிற்கிறது.

பாறை மாவு போல இருக்க வேண்டும்: 90% தூள் 0.15 மி.மீ. சல்லடையில் இறங்க வேண்டும் என்பது உரக் கட்டுப்பாட்டு ஆணையின் அளவு. கந்தகமும் அதே நைசு. கட்டிக் கந்தகத்தை வீட்டில் அரைக்காதீர்கள். கந்தகத் தூசு தீப்பொறி பட்டால் வெடிக்கும். தூளாகவே வாங்குங்கள். பூச்சிமருந்துக் கடையில் கிடைக்கும் நனையும் கந்தகம் விலை கூட, ஆனால் தண்ணீரில் பரவுவதால் பாக்டீரியா சீக்கிரம் ஒட்டும். 10 கிலோவில் 1 கிலோ அதுவாக இருந்தால் தொடக்கம் வேகப்படும்.

பாக்டீரியாவை முதலில் வளர்த்தெடுக்கத் தாய்க் கரைசல் 3 லிட்டர் வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு அம்மோனியம் சல்பேட் 0.3 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 3 கிராம், மெக்னீசியம் சல்பேட் 0.5 கிராம், கால்சியம் குளோரைடு 0.25 கிராம், ஃபெரஸ் சல்பேட் ஒரு சிட்டிகை, மேலே தூவ 10 கிராம் கந்தகம். கந்தகத்தை ஆட்டோகிளேவில் 121 டிகிரிக்கு வைத்தால் உருகிக் கட்டியாகிவிடும். மூன்று நாள் தொடர்ந்து தினம் ஒரு மணி நேரம் ஆவியில் வையுங்கள். வித்து, அதாவது தொடக்கத்துக்குப் போடும் உயிருள்ள பாக்டீரியா, சண்டிகர் எம்.டி.சி.சி., புனே என்.சி.ஐ.எம். போன்ற நுண்ணுயிர் வங்கிகளில் கிடைக்கும். மீன்தொட்டிக் காற்றுப் பம்பு வைத்து 28 முதல் 30 டிகிரியில் விட்டால் இரண்டு மூன்று வாரத்தில் பி.எச். 2-க்குக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் வித்து சரியில்லை. குவியலில் ஊற்றிப் பயன் இல்லை.

இந்தக் கரைசலில் வெல்லமோ மொலாசஸோ சேர்க்கவே கூடாது. மற்ற பாக்டீரியாக் கரைசலுக்குச் சேர்த்துப் பழகிய கை இங்கேயும் சேர்த்துவிடும். அசிடிதயோபேசில்லஸுக்குச் சர்க்கரை தீனியே இல்லை. அதைத் தின்று வளரும் வேறு கிருமிகள் விடும் கரிம அமிலங்கள், புளிப்பான சூழலில் இதன் செல்லுக்குள் புகுந்து இதைக் கொன்றுவிடும். இதே காரணத்தால்தான் குவியலில் சேர்க்கும் எருவும் நன்றாக மக்கியதாக, மண் வாசனை வருவதாக இருக்க வேண்டும். பச்சைச் சமையல் கழிவு ஆகாது.

50 கிலோ பாறை, 10 கிலோ கந்தகம், 5 கிலோ மக்கிய எரு, மூன்றையும் காய்ந்த நிலையில் நன்றாகக் கலந்து, பிறகு தாய்க் கரைசலும் தண்ணீரும் தெளியுங்கள். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. காவேரிக் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு இரவு திறந்து வையுங்கள். குவியலைச் சிமெண்ட் தரையில் போடாதீர்கள். அமிலம் தரையைத் தின்னும், தரை அமிலத்தைத் தின்னும். தகர டிரம்மும் ஓட்டையாகும். கெட்டியான பாலித்தீன் தாளில் ஒரு முழம் உயரத்துக்குப் பரப்பி, மழை படாமல் மேலே கூரை.

வாரம் ஒருமுறை கிளற வேண்டும். 10 கிலோ கந்தகம் எரிய 15 கிலோ ஆக்சிஜன் வேண்டும்; அதற்கு 50 கன மீட்டருக்கும் மேல் காற்று உள்ளே போக வேண்டும். கிளறாத குவியலின் நடுவில் காற்று தீர்ந்து அழுகிய முட்டை நாற்றம் வந்தால் வேலை தலைகீழாக நடக்கிறது என்று பொருள். உடனே பிரித்துக் காயப்போடுங்கள்.

ஒரு பங்கு குவியல், ஐந்து பங்கு வாலைவடி நீர் என்று கலக்கி வாராவாரம் பி.எச். பாருங்கள். முதல் சில வாரம் 7-ஐ ஒட்டியே நிற்கும். பாக்டீரியா செத்துவிட்டது என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். அது சாகவில்லை, சுண்ணாம்பு முதலில் அமிலத்தைத் தின்கிறது. கார்பனேட் தீர்ந்ததும் பி.எச். ஓரிரு வாரத்தில் 4-ஐ நோக்கிச் சரியும். பாஸ்பேட் கரைவது அப்போதுதான் வேகமாகும். மொத்தம் எட்டு முதல் பன்னிரண்டு வாரம். டிசம்பர், ஜனவரியில் பெங்களூர் இரவு 15 டிகிரிக்கு இறங்கும்போது இன்னும் இழுக்கும். 3-க்குக் கீழே போனால் வயலில் போடும்முன் கொஞ்சம் புதுப் பாறைத்தூள் கலந்து ஒரு வாரம் வையுங்கள். சுண்ணாம்பு போட்டால் கரைந்த பாஸ்பேட் மறுபடி கட்டிவிடும்.

முடிவில் கிடைப்பது 9 கிலோ மணிச்சத்து, அதாவது சுமார் 20 கிலோ டி.ஏ.பி.யில் உள்ள அளவு. எடையோ 80 கிலோவுக்கு மேல். தூரம் கொண்டுபோய் விற்கத் தோதில்லாத உரம் இது. செய்த இடத்திலேயே போட வேண்டும்.

எருக்குழி வழி

அடுக்ககக் குழுக்களுக்கும் மதுவடிப்புத் தானியச் சக்கை இலவசமாகக் கிடைக்கிறவர்களுக்கும் இது பொருந்தும். கணக்குச் சுருக்கம்: 100 கிலோ உலர்ந்த எடைக் கழிவு, 12.5 கிலோ பாறைத்தூள், 10 கிலோ சாணம், ஈரம் 60%. தானியச் சக்கையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். ஒரே நாளில் புளித்துவிடும். வந்த அன்றே ராகித் தாளோடோ காய்ந்த இலையோடோ கலக்க வேண்டும். பட்டுப்புழு எச்சமும் மல்பெரிக் குச்சியும் கிடைக்கும் ராமநகரப் பக்கத்தில் அவற்றையே போடலாம்.

இதில் எல்லோரும் செய்யும் ஒரே பிழை, பாஸ்போபாக்டீரியாவையும் பூஞ்சையையும் முதல் நாளே போடுவது. குவியல் 55, 60 டிகிரிக்குச் சூடாகும்; போட்டது வெந்துபோகும். பாறையை முதல் நாளே கலக்கலாம், வித்தைக் கலக்கக் கூடாது. சூடு தணிந்து 40-க்குக் கீழே வந்த பிறகு, பெரும்பாலும் 25 அல்லது 30-ஆம் நாள், கிளறும்போது சேர்த்துவிடுங்கள். 90 முதல் 100 நாளில் சுமார் 4% மணிச்சத்துள்ள எரு கிடைக்கும். பூஞ்சை வித்தைக் கையாளும்போது என்-95 முகமூடி கட்டாயம். ஆஸ்பெர்ஜில்லஸ் தூசு நுரையீரலுக்கு ஆகாது. ஆஸ்துமா உள்ளவர்களும் நோயெதிர்ப்பு குறைந்தவர்களும் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

மண் என்ன மண்

பெங்களூரைச் சுற்றியுள்ள செம்மண் லேசான புளிப்பு மண். இங்கே மணிச்சத்து பூட்டிக் கிடப்பது கால்சியத்தோடு அல்ல, இரும்போடும் அலுமினியத்தோடும். ஆய்வகத் தட்டில் வெள்ளை டிரைகால்சியம் பாஸ்பேட்டைக் கரைத்துத் தெளிவான வளையம் காட்டும் பாக்டீரியா, செம்மண்ணில் ஒன்றும் செய்யாமல் போவதற்கு இதுவே முதல் காரணம். பிகோவ்ஸ்கயா 1948-ல் கொடுத்த ஊடகத்தை இன்றும் பயன்படுத்துகிறோம். முதல் சலிப்புக்கு அது சரி. ஆனால் செம்மண்ணுக்குப் பாக்டீரியா தேர்கிறவர் இரும்புப் பாஸ்பேட்டிலும் அலுமினியப் பாஸ்பேட்டிலும் தனியாகச் சோதிக்க வேண்டும். அங்கே வெறும் புளிப்பு போதாது, இரும்பைக் கவ்வும் சிட்ரிக் அல்லது 2-கீட்டோகுளுக்கோனிக் வேண்டும்.

ராய்ச்சூர், தார்வாட் பக்கத்துக் கரிசல் வேறு கதை. 1% சுண்ணாம்பு உள்ள நிலத்தில் 15 செ.மீ. ஆழத்துக்கு ஒரு ஏக்கர் மண் சுமார் 900 டன் என்றால், சுண்ணாம்பு மட்டும் 9 டன். அதை நடுநிலையாக்க ஏறக்குறைய 2.9 டன் கந்தகம் வேண்டும். இதன் நடுவே 200 கிராம் பாக்கெட் பாக்டீரியா சுரக்கும் அமிலம் எங்கே போய்ச் சேரும்? கரிசலுக்கு, வெளியே குவியலில் கரைத்து முடித்த உரத்தை விதைச் சாலில் கோடாகப் போடுவதே வழி. நேர்மாறாக, குடகு, சிக்கமகளூர் காப்பித் தோட்டங்களில் மண் பி.எச். 5.5-க்குக் கீழே இருக்கும் இடத்தில் பாறைத்தூளை அப்படியே போட்டாலே மண்ணின் புளிப்பு கரைத்துக்கொள்ளும், நுண்ணுயிர் உபரி.

பாக்கெட் வாங்கும்போது

உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி பாஸ்போபாக்டீரியா பொடி வடிவில் கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள், திரவத்தில் மில்லிக்கு 10 கோடி. ஊடகத்தில் 5 மி.மீ. கரைவளையம், அல்லது கரைசல் சோதனையில் 30% கரைப்பு. காலாவதித் தேதியைவிட அது கடையில் எங்கே இருந்தது என்பது முக்கியம். ஜன்னலோர வெயிலில் இருந்த பாக்கெட்டில் தேதி மிச்சமிருக்கும், உயிர் இருக்காது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை ஹெக்டேருக்கு விதை நேர்த்திக்கு 600 கிராம், ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து. நாற்று நனைக்க 1 கிலோ. நடவு வயலுக்கு 2 கிலோவை 25 கிலோ எருவும் 25 கிலோ மண்ணும் கலந்து. ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் (ஐ.ஐ.எச்.ஆர்.) அர்கா மைக்ரோபியல் கன்சார்ட்டியம் என்ற நுண்ணுயிர்க் கலவையில் மணிச்சத்தைக் கரைப்பவையோடு தழைச்சத்தை நிலைநிறுத்துபவையும் துத்தநாகம் கரைப்பவையும் சேர்ந்தே இருக்கின்றன. காய்கறிக்கு அது வசதி.

அளந்து பார்க்க

கரைந்ததா என்று தெரிந்துகொள்ள மொத்த மணிச்சத்தை அளந்து பயன் இல்லை. அது முதல் நாளும் கடைசி நாளும் ஒன்றே. தண்ணீரில் கரைவது, 2% சிட்ரிக் அமிலத்தில் கரைவது, இந்த இரண்டையும் தொடக்கத்திலும் முடிவிலும் கேளுங்கள். கரைந்த பாஸ்பேட்டை நீல நிறமாக்கிக் காட்டும் மாலிப்டினம் நீல முறையில் அளக்கும்போது ஒரு எச்சரிக்கை: சிட்ரேட்டும் ஆக்ஸலேட்டும் நிறம் வருவதைத் தடுக்கும்; பூஞ்சைக் கரைசலை நன்றாக நீர்க்காமல் அளந்தால் கரைந்ததே தெரியாது. திரவ வளர்ப்பில் மாதிரியைத் தினமும் எடுங்கள். சர்க்கரை தீர்ந்ததும் பி.எச். ஏறி, கரைந்த பாஸ்பேட் கால்சியத்தோடு மீண்டும் படியும். ஏழாம் நாள் மட்டும் பார்க்கிறவர் நான்காம் நாள் உச்சத்தைத் தவறவிடுவார். ஊடகத்தில் அம்மோனியத்துக்குப் பதில் நைட்ரேட் போட்டிருந்தாலும் பி.எச். ஏறும். பாக்டீரியா இல்லாத ஒரு குடுவை, கொன்ற பாக்டீரியா போட்ட ஒரு குடுவை, இரண்டும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வயலிலும் அப்படியே. ராகிக்கு ஹெக்டேருக்கு 30 கிலோ மணிச்சத்து என்று வைத்துக்கொண்டால் ஏக்கருக்கு 12 கிலோ. நான்கு பட்டை போடுங்கள்: மணிச்சத்தே இல்லாமல் ஒன்று, வெறும் பாறைத்தூள் ஒன்று, குவியலில் கரைத்தது ஒன்று, டி.ஏ.பி. ஒன்று. டி.ஏ.பி.யில் வரும் தழைச்சத்தை மற்ற மூன்றுக்கும் யூரியாவாக ஈடுகட்டுங்கள். கந்தகத்துக்கு ஈடாகக் கரைத்த உரப் பட்டை தவிர மற்றவற்றில் ஜிப்சம் போடுங்கள். இதை விட்டால் கந்தகம் தந்த பச்சையை மணிச்சத்தின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.